இரண்டு விரல் இடப்பக்கம்

மச்சான்,

போன செவ்வாய்க்கிழமை கொழும்பு புறக்கோட்டையில் ஒருத்தன் நம்முடைய மழைக்கோட்டு ஒன்றை எனக்கே விற்கப் பார்த்தான்.

கட்டைப் பிரித்து மேசையில் உதறினான். புது பிளாஸ்டிக்கின் அந்த எண்ணெய் வாசம் குப்பென்று வந்தது. இத்தனை வருடமாக இந்தச் சாமானை விற்றுத்தான் சாப்பிடுகிறேன். இருந்தும் அந்த வாசம் பட்டால் நான் ஒரு எட்டுப் பின்னால் வைப்பேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ கடைசியாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். பதில் தெரியாமல், "பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று கிளம்பி வந்தேன். நான் பார்ப்பதற்குள் நீ போய்விட்டாய். செவ்வாய்க்கிழமைதான் பதில் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். ஆனால் உடனே சொல்லமாட்டேன். "நல்ல சரக்க மொதல்லயே விரிக்காதடா, வந்தவன் நாலு சுமாரானதப் பாக்கட்டும்" என்பது நீ எனக்குச் சொன்னதுதானே.

அவனுடைய கடை நம் சந்தில்தான் இருக்கிறது. நீ வாசலில் தையல் மிஷின் போட்டிருந்த பொத்தான் கடைக்கு நாலு கதவு தள்ளி. பொத்தான் கடையில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். கடைக்கார நானா அட்டை அட்டையாகப் பொத்தான் தொங்கவிட்டிருந்த அதே ஆணிகளில்தான் உறைகள் தொங்குகின்றன. குடை திருத்துகிறவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த தூணுக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். கசட் கடை போய் சீடி கடை வந்தது, அதுவும் போய் அந்த இடத்தில் வங்கியின் பணம் எடுக்கிற இயந்திரம் நிற்கிறது. வீட்டு வேலைக்கு வந்த நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது தகரப் பெட்டி வாங்குவார்களே, அந்தப் பட்டறையும் இல்லை. அந்தச் சுத்தியல் சத்தம் இல்லாமல் எனக்குத்தான் காது அடைத்த மாதிரி இருந்தது.

வருத்தமா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், பெரிதாக இல்லை. கடை என்று ஒன்றைத் திறந்தால் ஒருநாள் மூடத்தான் வேண்டும். ஒரு கடை மூடியதால்தான் நானே முதலாளி ஆனேன். கொஞ்சம் உறுத்தியது ஒன்றுதான். நீ உட்கார்ந்திருந்த இடத்தில் நின்று பார்த்தேன். அங்கே ஒருத்தன் இருந்தான் என்பதற்கு ஒரு கீறல்கூட இல்லை.

சந்தின் முனையில் இருந்த சாப்பாட்டுக் கடையில்தான் நாம் அறிமுகமானோம். மலையில் இருந்து வந்த ஹட்டன், தலவாக்கலை, ராகலை ஆட்கள் சாப்பிடுகிற இடம். பகல் ஒரு மணிக்கு வாசல்வரை வரிசை நிற்கும். நான் அதே சந்தில் புடவைக் கடை ஒன்றில் விற்பனைக்கு நிற்க வந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. முன்னால் நின்றவனிடம், "இங்க பெரட்டு கலைய எவ்வளவு நேரமாகும்ங்க?" என்று கேட்டுவிட்டேன். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குத்தான் பெரட்டு என்று பேர். கொழும்பில் அந்தச் சொல் எவனுக்கும் புரியாது. நீ திரும்பிப் பார்த்தாய்.

"கங்காணி வந்து பேர் கூப்பிடுவாரு, பொறு. எந்தத் தோட்டம்டா நீ?"

"வட்டகொடப் பக்கம்ங்க."

"நான் ராகல. 'ங்க'வெல்லாம் வேணாம், ஒன் வயசுதான் எனக்கும்."

அன்றே உன்னிடம் நான் சொந்தமாகக் கடை போடப் போவதாகச் சொல்லிவிட்டேன். பருப்பைப் பிசைந்துகொண்டே நீ என் கால்களைப் பார்த்தாய். ஒரு செருப்புக்கு வார் கம்பியால் கட்டியிருந்தது. "சரிங்க முதலாளி" என்றாய். அதற்குப் பிறகு கடைசிவரை எனக்கு அதுதான் பேர்.

ஆறு வருடம் புடவை மடித்தேன். அப்போதுதான் நம் சந்தில் மழைக்கோட்டு இறக்கி விற்ற பழைய கடை ஒன்று மூடப்போவதாகத் தெரிந்தது. இருப்பு முழுவதையும் வந்த விலைக்குத் தள்ளுகிறார்கள். எனக்கு மண்டையில் மணி அடித்தது. மலையில் வருடத்தில் பாதி நாள் மழை. நம் பெண்கள் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நனைகிறார்கள். கோட்டு இங்கே, மழை அங்கே. இடையில் நான் ஒருத்தன் போதும். சேர்த்தது அத்தனையையும் கொடுத்து, கட்டுக் கட்டாக எடுத்துவிட்டேன். புடவைக் கடை முதலாளியிடம் போய் நின்றபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போறது போற. திரும்பி வந்தா எடமில்ல" என்றார்.

நீ ஒவ்வொரு கோட்டாகத் தையலை இழுத்துப் பார்த்தாய். "நல்ல தையல்டா. அடிச்சுட்ட" என்றாய். நீ தையலைப் பார்த்தாய், நான் விலையைப் பார்த்தேன். பார்க்க வேண்டியதை ரெண்டு பேரும் பார்க்கவில்லை.

வட்டகொடையில் இறங்கியபோது நல்ல மழை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்து வாசலில் கட்டைப் பிரித்தேன். பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். ஒரு அக்கா கோட்டைப் போட்டு, தொப்பியை இழுத்துவிட்டு, அதன் மேல் முதுகுக் கூடையின் கயிற்றை உச்சியில் மாட்டினார். கூடையின் பாரம் கயிற்றைப் பின்னால் இழுத்தது, கயிறு தொப்பியை இழுத்தது, தொப்பி கழுத்துப் பொத்தானை இழுத்தது. அக்காவுக்குக் கண் பிதுங்கிவிட்டது.

"ஏன்டா தம்பி, இது கொழுந்தெடுக்கவா, தூக்கு மாட்டிக்கவா?"

"தொர போட்டுக்கிட்டு மலை பாக்க நல்லாருக்கும்டி" என்றார் இன்னொருவர். கையைத் தூக்கினால் தண்ணீர் கைவழியே அக்குளுக்கு ஓடுகிறது என்று காட்டினார்கள். சிரித்தார்கள். ஒன்றுகூட வாங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் நின்றது. அது சிரிக்கவில்லை.

எங்கள் லயத்து வீட்டுக்கு வந்த பிறகு அம்மா என் முன்னால் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தது. தலையைக் குனிந்து, "இங்க தொட்டுப் பாரு" என்றது. உச்சியில் குறுக்காக ஒரு பள்ளம். அந்த வரியில் முடி இல்லை, தோல் காய்த்துக் கிடந்தது. "ஒன்ன வயித்துல வச்சிருந்தப்பவும் கயிறு இங்கதான் இருந்துச்சு. ஒரு நாளாச்சும் பாத்திருக்கியா?"

தோற்றுப்போனது அந்த வாசலில் இல்லை, மச்சான். அம்மாவின் தலையில் விரல் வைத்த இடத்தில்தான் நான் தோற்றேன். இருபது வருடம் அந்தத் தலைக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியவன், கயிறு எங்கே வரும் என்று தெரியாமல் அந்தத் தலைக்குத் தொப்பி விற்கப் போயிருக்கிறேன்.

கட்டுகளோடு கொழும்புக்குத் திரும்பினேன். வேலையும் இல்லை, காசும் இல்லை. உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ மிஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாய். உன் கை தானாக உன் உச்சிக்குப் போனது.

"எங்கம்மாவுக்கும் அது இருக்கும்டா. பேன் பாக்கறப்ப வெரல் அதுல விழும்." மிஷினில் இருந்த துணியை உருவி ஓரமாக வைத்தாய். பிறகு, "கூடை ஒண்ணு கொண்டா" என்றாய்.

மரக்கறி மூட்டை தூக்குகிற ஆளிடம் ஒரு பிரம்புக் கூடையைக் கடன் வாங்கி வந்தேன். பாரத்துக்கு நானாவின் பித்தளைப் பொத்தான் பெட்டிகளை உள்ளே போட்டு, கயிற்றை என் தலையில் மாட்டி, பட்டப்பகலில் சந்தின் நடுவே நிற்கவைத்தாய். போகிற வருகிறவன் எல்லாம் நின்று பார்த்தான். நானா கடைக்குள் இருந்து தலையை நீட்டினார்.

"என்ன வாப்பா, புறக்கோட்டையிலயும் கொழுந்து மொளச்சிட்டா?"

"ஒரு கிலோ வேணுமா நானா? பச்சையா தரேன்" என்றாய் நீ, வாயில் ஊசியோடு.

தொப்பியை வெட்டி எறிந்தாய். கைகளை முழங்கையோடு வெட்டினாய். வெட்டிய கைத் துண்டுகளை நாலு மடிப்பாக மடித்து, தலையில் கயிறு உட்காருகிற இடத்துக்கு ஒரு பட்டை வைத்தாய். அதிலிருந்து பின்னால் கூடைக்கு அடியில் இறங்குகிற மாதிரி ஒரு விரிப்பு. கழுத்தில் பொத்தான் கிடையாது, இடுப்பில் ஒரு நாடா மட்டும். பட்டை வரவேண்டிய இடத்துக்கு நீ சோக்கட்டியால் அடையாளம் வைத்த அந்த நொடியில்தான் புடவைக் கடை முதலாளி தன் கடை வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்று என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பினேன்.

"ஆடாம நில்லுடா."

ஆடிவிட்டேன். அந்த அடையாளத்தை வைத்து ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையில் அளவு வெட்டினாய். அந்த அட்டையை வைத்தே எல்லாக் கோட்டையும் தைத்தாய். கடைசி ஒன்றை உன் தலையிலேயே போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பட்டை நடுவில் இல்லை. இரண்டு விரல் இடப்பக்கம் தள்ளி இருந்தது. எல்லாவற்றிலும்.

"பிரிக்கணும்" என்றாய்.

"பிரிச்சுத் தைக்க இன்னொரு கிழம ஆகும். மழை நின்னுரும்டா."

"கோணலாத் தைச்சுக் குடுத்தா என் பேரு கெட்டுப் போகும்."

"ஒன் பேரு அங்க யாருக்குடா தெரியும்?"

இப்படித்தான் சொன்னேன். பசியில் சொன்னேன், பயத்தில் சொன்னேன் என்று என்ன சமாதானம் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். நீ நூலைப் பல்லால் கடித்து அறுத்தாய். கட்டைக் கட்டி என் பக்கம் தள்ளினாய். "கொண்டு போ, முதலாளி" என்றாய். அந்தப் பேரை நீ சிரிக்காமல் சொன்னது அந்த ஒரு தரம்தான்.

வட்டகொடையில் மழை நிற்கவில்லை. மடுவத்து வாசலில் அம்மாதான் முதலில் கையை நீட்டியது. போட்டது, கயிற்றை மாட்டியது, மலையேறிப் போனது. பகல் கொழுந்து நிறுக்க இறங்கி வந்து, எல்லோருக்கும் முன்னால் பட்டையை விலக்கித் தலையைக் காட்டியது. முடி காய்ந்திருந்தது. "தூக்கு மாட்டிக்கவா" என்று கேட்ட அதே அக்காதான் முதலில் விலை கேட்டார். "இது கயித்துக் கோட்டுடி" என்று அவர் சொன்னதுதான் அதற்குப் பேர் ஆனது. மூன்றாம் நாள் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து ஆள் தேடி வந்தார்கள்.

அதற்கப்புறம் நான் மழையின் பின்னால் ஓடினேன். வட்டகொடைப் பக்கம் மழை விட்ட பிறகு ராகலைப் பக்கம் வேறு மழை பிடிக்கும் என்பது தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் தெரியும், ஆனால் அதை வைத்து எவனும் வியாபாரம் செய்ததில்லை. நீ வெட்டி எறிந்த தொப்பிகளைக்கூட நான் விடவில்லை. கழுத்துக்கு ஒரு நாடா வைத்துத் தரச்சொல்லி நல்லதண்ணிக்குக் கொண்டுபோனேன். அங்கே யாத்திரைக்கு மலையேறுகிற சனம் பனிக்கும் காற்றுக்கும் பறித்துக்கொண்டு போனது. "குப்பையையும் வித்துட்டியேடா பாவி" என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அன்றைக்குத்தான் நமக்குள் இருந்த இறுக்கம் கொஞ்சம் விட்டது.

ரெண்டாம் தடவை தைக்கக் கொடுத்தபோது, "வேணும்னா இப்ப நேராக்கிக்க" என்றேன். நீ அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "வேணாம். மொத சரக்கப் பாத்தவங்க அதையேதான் கேப்பாங்க" என்றாய். வியாபாரத்துக்காகச் சொன்னாயா, வீம்புக்காகச் சொன்னாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நானாவின் வாசலில் உன் மிஷின் ஒன்று மூன்றானது. "ஒங்கட கோட்டுக்குப் பொத்தானே இல்ல, எனக்கு என்ன லாபம்?" என்று தினம் முணுமுணுத்தாலும் உன்னை எழும்பச் சொல்லவில்லை அந்த மனுசன். நான் ஹட்டனில் கடை எடுத்தேன். புடவைக் கடை முதலாளியும் ஒருநாள் அங்கே வந்தார், தெரியுமா? நல்லதண்ணிக்குப் போகிற வழியில் மழையில் மாட்டிக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி உள்ளே ஒதுங்கினார். அவருடைய கடையை மூடி ரெண்டு வருடம் ஆகியிருந்தது. தேத்தண்ணீர் கொடுத்தேன். "ஒன்ன எங்கயோ பாத்திருக்கேனே" என்றார், ஆறு வருடம் என்னைப் புடவை மடிக்கவைத்தவர். "கூடை மாட்டிக்கிட்டு ஒங்க கடைக்கு முன்னால நின்னேனே" என்றேன். தேத்தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, ஒரு தொப்பியும் வாங்கிக்கொண்டு போனார். உனக்கு அன்றே தொலைபேசியில் சொன்னேன். ரெண்டு தரம் சொல்லவைத்துக் கேட்டாய்.

பிறகு நானா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் கடையைக் கொடுத்துவிட்டார்கள். நடைபாதையில் தொழில் செய்தவர்களை மாநகரசபை கிளப்பியது. ஹட்டனுக்கு வா என்று எத்தனை தரம் கூப்பிட்டேன். "மலைக் குளிருக்கு மிஷின் எண்ண ஒறைஞ்சு போகும்டா" என்று சாக்குச் சொல்லி, வத்தளைப் பக்கம் ஒரு அறையில் இருந்தே தைத்து அனுப்பினாய். நான் வரும்போதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் படியேறுவேன். சரக்கைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுவேன். விலையைக் குறைக்கத் தெரிந்த எனக்குச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை.

பெரிய கம்பெனி ஆட்கள் நம் கோட்டைப் பார்த்துத் தைத்து இறக்கத் தொடங்கியபோது எனக்கு ஆத்திரம். உனக்குச் சீனி வியாதி முற்றி, நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். வக்கீலைப் பார்க்கப் போகிறேன் என்று கட்டில் பக்கத்தில் குதித்தேன். நீ சிரித்தாய்.

"விடுடா. காப்பியடிக்கிறவன் நல்லதத்தான் அடிப்பான்." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாய். "அந்தக் கோணல நேராக்கிட்டானுங்களா?"

அதுதான் கேள்வி. நான் ஆத்திரத்தில் அவர்களுடைய கோட்டைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தொட்டேன், மச்சான். அந்தத் தம்பி விரித்த கோட்டில் பட்டையைத் தேடிக் கட்டைவிரலை வைத்தேன். தைத்தது எங்கேயோ கடல் கடந்த தொழிற்சாலையில். நிறம் வேறு, நாடா வேறு. பட்டை மட்டும் இரண்டு விரல் இடப்பக்கம்.

"இது ஏன் தம்பி ஒரு பக்கமா இருக்கு? பிழையா?"

"பிழையில்ல சேர். கொழுந்தத் தோளுக்கு மேல வீசறப்ப கயிறு எடது பக்கம் ஓடும். அதுக்காக எஞ்சினியர் வச்சு அளந்து செஞ்சது."

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். அவன் பயந்துபோய் சோடா வாங்கி வந்தான். ஒரு கோட்டைச் சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் வாங்கினேன். நான் பேரம் பேசாமல் வாங்கிய முதல் சாமான் அதுதான். அதில்தான் அவனுக்குச் சந்தேகமே வந்தது.

என்னைத்தான் தெரியுமே, அதோடு விடுவேனா? ஹட்டனுக்கு வந்து, பட்டையைச் சரியாக நடுவில் வைத்து ஒரு கோட்டுத் தைக்கச் சொன்னேன். ரெண்டையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வட்டகொடைக்குப் போனேன். அம்மா இருந்த லயத்துக்குப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற தங்கச்சி ஒன்று மலையில் இருந்து இறங்கி வந்தது. இப்போது கூடைக்குப் பதில் பைதான், ஆனால் வார் தலையில்தான். நேரானதை முதலில் கொடுத்தேன். அது பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரலால் தலைப்பட்டையைத் தடவியது. உடனே திருப்பி நீட்டியது.

"இது சரியில்லங்க முதலாளி. பட்ட தள்ளிப் போயிருக்கு."

மற்றதைக் கொடுத்தேன். தடவிப் பார்த்தது. "இதுதான்" என்று மாட்டிக்கொண்டு மழைக்குள் போனது.

உன் பேர் அங்கே யாருக்கும் தெரியாதுதான். அன்றைக்கு நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தத் தங்கச்சி போன திசையில் நிமிர்ந்து பார்த்தேன். மலைச்சரிவு முழுக்க, பச்சையும் நீலமும் மஞ்சளுமாக, யார் யாரோ தைத்து யார் யாரோ விற்ற கோட்டுகள். அத்தனை தலையிலும் உன் கை இருந்தது. நேரானதைக் கோணல் என்று மலையகமே சொல்கிற அளவுக்கு ஒருத்தன் தைத்துவிட்டுப் போயிருக்கிறான். அன்றைக்குச் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு. நேரில் கேட்டிருக்க வேண்டியது.

உன்னுடைய பிஸ்கட் பெட்டி அட்டை இப்போதும் என் கடையில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. சோக் அடையாளம்கூட அழியவில்லை. வேலைக்கு வருகிற தையல்காரர் ஒவ்வொருவரும் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது கோணலா இருக்குங்களே" என்பார்கள். நேற்றுச் சேர்ந்தவரும் கேட்டார்.

"எஞ்சினியர் அளந்து செஞ்சது. அப்படியே தைங்க" என்றேன்.

"எந்த ஊர் எஞ்சினியருங்க?"

"ராகலக்காரன்" என்றேன்.